கணப்பு, விறகு அடுப்பு, புகை: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

முத்தியால்பேட்டை அக்கா

பத்து வருஷம் ஆகப் போகிறது, அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. எங்களுடையது சொல்தா குடும்பம், தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். தங்கச்சி வீட்டுக்காரர் வேலை பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர் பக்கம் ஒரு கிராமத்தில் பழைய வீடு வாங்கியிருந்தார்கள். பிரசவத்துக்குத் துணையாக நான் டிசம்பரில் போனேன். ஹாலில் வார்ப்பிரும்பில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சின்னக் கணப்பு அடுப்பு, முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே ஆறங்குலக் குழாய் கூரையைத் தாண்டிப் போகும். சமைக்க இல்லை, வீட்டைச் சூடாக்க மட்டும். வெளியே மைனஸ் எட்டு டிகிரி இருந்த நாளிலும் அந்த ஒரு அடுப்பு இரண்டு அறையைக் கதகதப்பாக வைத்திருந்தது.

அங்கே விறகை எடை போட்டு விற்பதில்லை, ஒரு மீட்டர் நீள அகல உயரத்துக்கு அடுக்கினால் அது ஒரு ஸ்தேர். பக்கத்து வீட்டுக்காரர் மலிவாக நாலு ஸ்தேர் கொடுத்தார், அந்த வருஷம்தான் வெட்டிய ஓக் கட்டை. நான் என்ன செய்தேன் என்றால், ராத்திரி படுக்கும்போது காற்று வரும் துவாரத்தை முழுக்க மூடிவிடுவேன். நம் வீட்டில் தணலைச் சாம்பலில் புதைத்து வைத்து விடியற்காலை ஊதி எடுப்போமே, அந்தப் பழக்கம். காலையில் கண்ணாடி கன்னங்கரேல் என்று இருக்கும், ஈரத்தாளில் சாம்பலைத் தொட்டுத் துடைத்துவிட்டு அடுத்த கட்டையைப் போடுவேன். அந்தக் கறுத்த கண்ணாடி குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று தினமும் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஜனவரி கடைசியில் ஒரு சாயங்காலம், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், குழாய்க்குள் ரயில் வருவது போல ஒரு இரைச்சல். அடுப்பு அதிர்கிறது. குழாய் அடியில் மங்கலாகச் சிவக்கிறது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாக்ஸ் காலோடு பனியில் நின்றேன். தங்கச்சி வீட்டுக்காரர் காற்றுத் துவாரங்களை அடைத்துவிட்டு 18க்கு போன் செய்தார். தீயணைப்புக்காரர்கள் வந்து தணலை இரும்பு வாளியில் வாரி வெளியே கொண்டுபோனார்கள். அதில் ஒருவர் குழாயிலிருந்து சுரண்டியதை என் உள்ளங்கையில் வைத்தார். தார் காய்ந்து கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. ஈர விறகு காற்றில்லாமல் புகைந்து புகைந்து இரண்டு மாதத்தில் உள்சுவரில் ஒட்டியது அவ்வளவும். வருஷம் ஒரு முறை புகைபோக்கி சுத்தம் செய்தவர் தரும் சான்றிதழை இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்டார்கள், அதுவும் இல்லை. நல்லவேளை, கூரை மரத்தைத் தீ தொடவில்லை.

பண்ருட்டிக்காரன்

எனக்கு நினைவு வருவது தானே புயல். 2011 டிசம்பர் 30 விடியற்காலை. அது உங்கள் எல்லோருக்கும் தெரியும், எழுத வேண்டியதில்லை. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, கேஸ் வண்டி வரவில்லை, ஆனால் விறகு மட்டும் கொள்ளை கொள்ளையாக எங்கும் கிடந்தது, ஏனென்றால் எங்கள் முந்திரித் தோப்பே விறகாகப் படுத்திருந்தது. கொல்லையில் மூன்று செங்கல் வைத்து அம்மா பச்சை முந்திரிக் கட்டையைப் பற்றவைத்தார். கண்ணைத் திறக்க முடியாத புகை.

ஒரு பலா மரமும் விழுந்திருந்தது, அப்பா பிறப்பதற்கு முன்னால் வைத்த மரம். சித்தப்பா கிளையை வெட்டி அடுப்புக்குக் கொண்டுவந்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை, எரிந்துகொண்டிருந்த கொள்ளியை வெறுங்கையால் உருவி மண்ணில் தேய்த்து அணைத்தார். "மிருதங்கம் ஆகுற மரம்டா அது" என்றார், அவ்வளவுதான். கையில் கொப்புளம். அடிமரம் மட்டும் பிறகு நல்ல விலைக்கு வாத்தியம் கடைகிறவர்களிடம் போனது. கிளைகள் இரண்டு வருஷம் கொட்டகையில் அடுக்கியே கிடந்தன, அம்மா அதிலிருந்து ஒரு சுள்ளியைக்கூட எடுக்கவில்லை.

முதுநகர் விறகுத்தொட்டி

அக்கா சொல்வதில் பாதிதான் சரி. ஈர விறகு, ஈர விறகு என்று எல்லோரும் பழியை விறகின் மேல் போடுகிறார்கள். நான் முப்பது வருஷமாகச் சவுக்கு விற்கிறேன், சவுக்கு பச்சையாகவே எரியும், வெட்டிய வாரத்திலேயே கல்யாண அடுப்புக்குப் போகும். காற்றை அடைத்ததுதான் கோளாறு. தீ மூச்சு முட்டினால் புகையாகத்தான் தள்ளும்.

என் அனுபவம் சின்னதுதான். போன மழைக்காலம் ஒருவர் வந்து "உங்க விறகு எரியவே மாட்டேங்குது" என்று சண்டை போட்டார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் விறகைத் தார்ப்பாயால் நான்கு பக்கமும் தரை வரைக்கும் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார், பிரித்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பூத்திருக்கிறது.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விறகைத் தரையில் அடுக்காதீர்கள், கீழே இரண்டு வரிசை செங்கல் வையுங்கள். மேலே மட்டும் மூடுங்கள், பக்கவாட்டில் காற்று ஓடட்டும். வாங்கும்போது இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரம் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். வெட்டு முனையில் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை கையோடு உரிய வேண்டும். உருட்டுக்கட்டையாக வாங்குவதைவிடப் பிளந்ததை வாங்குங்கள், பிளந்தால்தான் உள்ளே காயும். பற்றவைக்கச் சவுக்கு மிளாறும் தென்னம்பாளையும் போதும், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டத்தை எரிக்காதீர்கள், பிளைவுட்டை எரிக்கவே எரிக்காதீர்கள், அந்தப் புகை மார்பில் போய் உட்காரும். முந்திரிக்கொட்டைத் தோட்டை அடுப்பில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், அதன் புகையும் ஆகாது. இப்போது சவுக்கில் பெரும்பங்கு காகித ஆலைக்கும் கட்டடச் சாரத்துக்கும் போகிறது, எங்களிடம் வருவது குறைவு, அதனால் கிடைப்பதை ஒழுங்காகக் காயவைத்து எரியுங்கள்.

நெல்லிக்குப்பம் மருமகள்

விறகா காற்றா என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு நடந்தது விறகில் இல்லை, கரியில். புகையே வராத கரியில்.

முதல் பிரசவம், நவம்பர் மாதம், விடாத மழை. பிள்ளை பெற்ற உடம்புக்குக் குளிர் ஆகாது என்று மாமியார் குமுட்டி அடுப்பில் தணல் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தார், சாம்பிராணி தூவினார். மழைச்சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தி, கதவு இடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி வைத்தாகிவிட்டது. அன்பினால் செய்ததுதான், அவர் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. சாம்பிராணி வாசம் அடங்கிய பிறகு அறையில் எந்த வாடையும் இல்லை. தலை வலித்தது, தூக்கம் போதாததால் என்று நினைத்தேன். பிள்ளை பாலுக்கு அழ வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, அழவில்லை. அதுகூட நிம்மதியாக இருந்தது, இதை எழுதும்போது கை நடுங்குகிறது. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் என்னுடையது போலவே இல்லை.

நாத்தனார் வெந்நீர் கொண்டுவந்தவள், கதவு திறக்கவில்லை என்று தோளால் இடித்தாள். அந்தப் புடவைச் சுருள் தரையில் சரசரவென்று இழுபட்டது, குளிர்ந்த காற்று என் முகத்தில் அடித்தது. இந்த இரண்டும்தான் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். கொடைக்கானலில் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கி இறந்துபோன செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் புடவைச் சுருள்தான் கண்முன் வருகிறது.

தேவனாம்பட்டினம்

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை தங்கச்சி.

விறகுத்தொட்டி அண்ணே, விறகும் காற்றும் மட்டும் போதாது, புகை போகிற வழியும் வேண்டும். 80களில் அரசு புகையில்லா அடுப்பு கொண்டுவந்தபோது எங்கள் தெருவில் நிறைய வீட்டில் போட்டார்கள், பல வீட்டில் புகைபோக்கி அடைத்தது, இடித்துப் போட்டார்கள். நான் வீடு கட்டியபோது பின்கட்டில் அதே மாதிரி ஒன்று, வெந்நீர்த் தவலை உட்காரும்படி கொத்தனாரிடம் கேட்டு வாங்கிப் போட்டேன். அவர் 4 அங்குல சிமென்ட் குழாயைச் சுவர் ஓரமாக ஏற்றி, ஓட்டு விளிம்புக்கு ஒரு முழம் மேலே நிறுத்திவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சாதாரண நாளில் நன்றாகவே இழுத்தது.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் கரை கடந்த ராத்திரி. கரண்ட் போய்விட்டது, குழந்தைகளுக்குக் கஞ்சி வைக்கலாம் என்று பற்றவைத்தேன். குனிந்து ஊதுகுழலை வைக்கிறேன், காற்று குழாய் வழியாகக் கீழே இறங்கி அடுப்பு வாயால் தீ நாக்கைத் துப்பியது. புருவமும் முன்கை ரோமமும் பொசுங்கிவிட்டன. என் கண்ணைவிட, பக்கத்தில் தொங்கிய பிள்ளைகளின் ஈரத் துணியைப் பார்த்துத்தான் பதறினேன்.

அப்புறம்தான் புரிந்தது, குழாய் முனை ஓட்டு முகட்டுக்குக் கீழே இருந்ததால் முகட்டில் மோதித் திரும்பும் காற்று அதற்குள்ளேயே விழுந்திருக்கிறது. இப்போது முகட்டைவிட இரண்டடி மேலே ஏற்றியாகிவிட்டது, தலையில் ஒரு தகரத் தொப்பி, அடியில் சாம்பல் எடுக்க ஒரு சின்னக் கதவு. ஈரமான காலையில் பற்றவைக்கும் முன் அந்தக் கதவில் ஒரு காகிதத்தைக் கொளுத்திக் குழாயைச் சூடாக்கிவிடுவேன், புகை மேலே ஏறப் பிடித்துக்கொள்கிறது.

முத்தியால்பேட்டை அக்கா

தொட்டி அண்ணே, சவுக்கைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஓக் சவுக்கு இல்லை. அங்கே அதை இரண்டு வருஷம் காயவைத்து, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் எரிக்கிறார்கள், அதை அளக்க இரண்டு ஊசி வைத்த ஒரு சின்னக் கருவியே விற்கிறது. தங்கச்சி இப்போது வாங்கி வைத்திருக்கிறாள்.

நெல்லிக்குப்பம் தங்கச்சி, அந்தப் பிள்ளை?

நெல்லிக்குப்பம் மருமகள்

நன்றாக இருக்கிறாள் அக்கா, ஆறாவது படிக்கிறாள். இந்த மழையிலும் அவள் அறை ஜன்னல் ஒரு சாண் திறந்துதான் இருக்கிறது, மாமியார்தான் தினமும் ராத்திரி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறார்.