கலைச்சொல்: மார்ஃபின் போன்ற வலிமருந்துகளால் வரும் மலச்சிக்கலுக்கான மருந்துவகை 'பாமோரா' (PAMORA). அதற்குத் தமிழில் என்ன பெயர்?

> 'அபினி எதிர்ப்பி' என்றே வைத்துவிடலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம் ஐயா,

சுருக்கம் சரி. ஆனால் நம் துண்டறிக்கை போகப்போவது ராயபுரம், காசிமேடு வீடுகளுக்கு. மார்ஃபின் என்றாலே "போதை மாத்திரையா?" என்று கேட்கிறவர்களிடம் 'அபினி' என்று அச்சடித்துக் கொடுத்தால் அட்டையைப் பிரிக்கவே மாட்டார்கள். 'எதிர்ப்பி' அதைவிட மோசம். வலிமருந்தையே முறித்துவிடும் என்று நினைப்பார்கள்.

மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரியவர், புற்றுநோயாளி, ராத்திரி மார்ஃபின் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். "வலிகூடத் தாங்கிக்கலாம்மா, வெளிக்குப் போவாம முக்கிட்டு உக்காந்திருக்கிறதுதான் முடியல" என்றார். இந்த மருந்து பிறந்த கதையும் இதேதான். சிகாகோ பல்கலைக்கழக மருந்தியலாளர் லியோன் கோல்ட்பர்க், மலச்சிக்கலுக்குப் பயந்து மார்ஃபினை மறுத்த தன் நண்பருக்காகத்தான் 1970களின் கடைசியில் இதைத் தேடத் தொடங்கினார்.

மார்ஃபின் பிடித்துக்கொள்ளும் மியூ ஏற்பிகள் (மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள்) மூளையிலும் இருக்கின்றன, குடல்சுவரின் நரம்புகளிலும் இருக்கின்றன. குடலில் பிடித்தால் தள்ளும் அசைவு குறையும், நீர் சுரப்பது குறையும், மலம் இறுகும். மயக்கமும் குமட்டலும் நாளாக ஆகப் பழகிவிடும், இது பழகாது. அதனால்தான் மார்ஃபினோடு சேர்த்தே நிலாவாரை, பைசகோடில் போன்ற மலமிளக்கிகளைக் கொடுக்கிறார்கள். அதுவும் போதாதபோது பாமோரா. மார்ஃபினை ஏற்பியிலிருந்து தள்ளிவிடும் மருந்து நால்ட்ரெக்சோன். அதில் ஒரு மெத்தில் தொகுதியைக் கூடுதலாக ஒட்டினால் மூலக்கூறு மின்னேற்றம் பெறுகிறது. அதனால், ரத்தத்தில் இருப்பதையெல்லாம் மூளைக்குள் விடாத ரத்த-மூளைத் தடுப்பை அது தாண்ட முடியாது. குடலில் மார்ஃபினைத் தள்ளிவிடும், மூளையில் வலிநிவாரணம் அப்படியே இருக்கும். 2008இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மெத்தில்நால்ட்ரெக்சோன் ஊசி இப்படி வந்ததுதான். நலோக்சிகால் (2014), நால்டெமிடின் (2017) பின்னால் வந்த மாத்திரைகள்.

ஆக, பெயரில் இருக்க வேண்டியது 'மூளைக்குள் போகாது' என்பதுதான். நீர்புகா, காற்றுப்புகா என்கிறோமே, அதே வழியில் மூளைபுகா மியூ ஏற்பி முடக்கி. 'அடைப்பி' என்றும் யோசித்தேன். மலச்சிக்கல் மருந்துக்கு அந்தப் பெயர் வேண்டாம்!

---

அம்மா,

'மூளைபுகா' நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம்: மூளைக்குப் புற்று பரவியவர்களுக்கு அந்தத் தடுப்பே பழுதாகியிருக்கலாம். அப்போது மருந்து கொஞ்சம் உள்ளே புகுந்து வலி திரும்பலாமே? 'புறச்செயல்' (மூளைக்கு வெளியே வேலை செய்வது) என்று பெயர் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

---

புகலாம் ஐயா, மருத்துவர்களும் அதைக் கவனித்துத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் 'புறச்செயல்' என்றால் மேலே தடவும் களிம்பு என்று நினைத்துக்கொள்வார்கள். மூளைபுகா அகராதிக்கு இருக்கட்டும், விளக்கக் குறிப்பில் இந்த விதிவிலக்கையும் சேர்த்துவிடுகிறேன். துண்டறிக்கைக்கு 'வலிமருந்து மலச்சிக்கலுக்கான மருந்து' போதும். அதற்குக் கீழே, குடல் அடைப்பு இருந்தால் இதைப் போடவே கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டுவிடுங்கள்.