மன்றோவின் குதிரையில் அங்கவடி இல்லை: சிற்பி மறந்துவிட்டாரா?

தீவுத்திடல்காரன்:
சென்னைத் தீவுத்திடலில் நிற்கும், சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலையைச் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். குதிரைக்குச் சேணமும் இல்லை, சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையமான அங்கவடியும் இல்லை. சிலையை வடித்த ஆங்கிலேயச் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி அவற்றை மறந்துவிட்டார், தவறு தெரிந்ததும் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று தாத்தா சொல்வார். ஊரே சொல்லும் கதையில் உண்மை இல்லாமலா போகும்?

கல்லுளி:
ஒரு கலைஞன் மேல் சுமத்திய வீண்பழி அது. சான்ட்ரி வடித்த குதிரைச் சிலைகள் மூன்று: மன்றோ, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னர், அதே ஊரின் ராயல் எக்ஸ்சேஞ்ச் வணிக மாளிகை முன்னால், நெப்போலியனை வென்ற தளபதி வெலிங்டன் பிரபு. மூன்றிலும் அங்கவடி கிடையாது. மூன்று முறையுமா மறப்பார்? மன்றோ சிலை சென்னையில் நிறுவப்பட்டது 1839இல். சான்ட்ரி 1841 நவம்பரில், 60 வயதில், லண்டன் வீட்டில் இதயக் கோளாறால் திடீரென இறந்தார். வெலிங்டன் சிலை பாதியில் நின்றது. உதவியாளர் ஹென்றி வீக்ஸ்தான் முடித்தார்.

தீவுத்திடல்காரன்:
சரி, மறதி இல்லை. தாத்தாவின் கதையை இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் ஜார்ஜ் மன்னர் ரோமானிய உடையில் அமர்ந்திருக்கிறார். வெறும் குதிரை அவருக்குப் பொருந்தும். மன்றோ கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி. கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சுற்றி நிலவரி வகுத்தவர். அவர் கால்கள் பிடிமானமில்லாமல் தொங்குவதைப் பார்க்கும்போது எனக்கு நெருடுகிறது.

கல்லுளி:
வெலிங்டனும் ரோமானிய உடையில் இல்லையே! ரோம் நகரில் மார்கஸ் அரேலியஸ் பேரரசரின் வெண்கலச் சிலையிலும் அங்கவடி இல்லை. சான்ட்ரி அந்த மரபில் வந்தவர். வாரும் வளையமும் இல்லாததால்தான் குதிரையின் விலா முழுதாகத் தெரிகிறது.

மழைக்காகிதம்:
இருவரும் குதிரையைவிட்டு இறங்கவே இல்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு அருகே நார்ட்டனில் பிறந்து, 12 வயதில் தந்தையை இழந்து, மளிகைக் கடையில் வேலை பார்த்த பையன் சான்ட்ரி. மரச்சிற்பக் கடை ஒன்றின் ஜன்னலைப் பார்த்து நின்றவன், அந்தத் தொழிலுக்கே போவேன் என்று அடம்பிடித்தான். லிச்ஃபீல்ட் பேராலயத்தில் 1817இல் அவர் வடித்த 'உறங்கும் குழந்தைகள்' இருக்கிறது. இறந்துபோன இரண்டு சிறுமிகள், அக்காவும் தங்கையும், கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். தங்கையின் கையில் பனிக்காலப் பூங்கொத்து. அவரை எடைபோட அதைப் பாருங்கள்.

தீவுத்திடல்காரன்:
பார்த்தேன். மெத்தையில் தலை அமிழ்ந்த இடம்கூடப் பளிங்கில் தெரிகிறது. அதனால்தான் கேட்கிறேன்: தலையணையின் பள்ளத்தைக்கூட விடாதவர், மன்றோவின் பாதத்தை ஏன் அந்தரத்தில் விட்டார்? மரபு என்ற பதில் எனக்குப் போதவில்லை.