பாஸ்வேர்டு சரி, ஆனாலும் வீட்டு வைஃபை என் போனை மட்டும் சேர்க்க மறுக்கிறது (மேக் ஃபில்டர் போட்ட மோடம்)

குடந்தை_ஓய்வு எழுதியது:

வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என்னுடையது ஆண்ட்ராய்டு 13 போன். சார்ஜ் ஏறவில்லை என்று கடையில் கொடுத்தேன். சார்ஜிங் பின்னை மாற்றியதோடு நிற்காமல், "சாஃப்ட்வேரும் போட்டுட்டேன் சார், இனிமே பறக்கும்" என்று சொல்லிக் கையில் கொடுத்தான் அந்தப் பையன். நான் கேட்கவே இல்லை. போட்டோக்கள் கூகுளில் இருந்ததால் தப்பித்தன, வாட்ஸ்அப்பில் பழசு கொஞ்சம் போயிற்று. அது போகட்டும். இப்போது போன் வீட்டு வைஃபையில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

பாஸ்வேர்டில் தப்பில்லை. அதே பாஸ்வேர்டில்தான் வீட்டுக்காரம்மா போனும் டிவியும் ஓடுகின்றன. என் போனில் பெயரைத் தொட்டால் "கனெக்டிங்" என்று கொஞ்ச நேரம் சுற்றும், அப்புறம் "சேவ்டு" என்று காட்டிவிட்டு சும்மா இருக்கும். பாஸ்வேர்டு தப்பு என்றுகூடச் சொல்வதில்லை. சொன்னாலாவது சண்டை போடலாம். தெருமுனை மருந்துக்கடைக்காரர் தன் வைஃபையைக் கொடுத்தார், அதில் உடனே ஏறியது. ஆக, போனில் கோளாறு இல்லை.

ஒரு விவரம் சொல்ல வேண்டும். மாடியில் கல்லூரிப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். நல்ல பையன்கள்தான். அவசரத்துக்கு என்று ஒருவனுக்குப் பாஸ்வேர்டு கொடுத்தோம். அவன் போனில் அந்தக் கட்டம் கட்டமான கியூஆர் படத்தைக் காட்டி மற்றவர்களையும் சேர்த்துவிட்டான். சாயங்காலம் ஏழு மணி ஆனால் எங்கள் டிவி சுற்றிக்கொண்டே நிற்கும். பொங்கலுக்கு வந்த மகன் "மேக் ஃபில்டர்" என்று ஏதோ போட்டு, எங்கள் வீட்டுச் சாமான்களை மட்டும் மோடத்தில் பதிந்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து டிவி ஒழுங்காக ஓடுகிறது. மகன் புனேயில் இரவு ஷிப்ட் பார்க்கிறான். கேட்டால் "ஃபர்கெட் பண்ணிட்டுத் திரும்பப் போடுங்கப்பா" என்கிறான். செய்து செய்து விரல் தேய்ந்துவிட்டது.

கேபிள்காரரைக் கேட்டேன். *#06# அடித்து வரும் நம்பரை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அதோடு சரி.

மொபைல் டேட்டா ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. காலையில் கச்சேரி கேட்க உட்கார்ந்தால் தனியாவர்த்தனம் வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

---

பட்டன்_பாண்டி எழுதியது:

சிம்பிள் சார். மோடத்துக்குப் பின்னால் "ரீசெட்" என்று ஒரு சின்னத் துளை இருக்கும். குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்துங்கள். ஃபில்டர் எல்லாம் அழிந்துவிடும். அப்புறம் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டு போட்டு ஏறிக்கொள்ளலாம்.

---

விடுதி_நெட்வொர்க் எழுதியது:

ஐயா, அந்தக் குண்டூசியை முதலில் பெட்டிக்குள் வையுங்கள். உங்களுடையது ஃபைபர் இணைப்பு என்றால், ரீசெட் செய்தால் ஃபில்டர் மட்டும் போகாது. கம்பெனி போட்டு வைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (கம்பெனி லைனில் சேர மோடத்துக்குத் தேவையான எண்) எல்லாம் சேர்ந்து போய்விடும். ஆள் வந்து திரும்பப் போடும்வரை வீட்டில் யாருக்குமே நெட் இருக்காது. இப்போதாவது டிவி ஓடுகிறது.

நான் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் வைஃபை பார்த்துக்கொள்கிறேன். லீவு முடிந்து பையன்கள் திரும்பும் வாரத்தில் இதே புகார்தான் வரும்: "சார், பாஸ்வேர்டு கரெக்ட், ஆனா கனெக்ட் ஆகலை." எங்களுடையதும் பதிவு செய்த போன்களை மட்டும் உள்ளே விடும் நெட்வொர்க்தான். இந்த மாதிரி இடத்தில் நான் முதலில் பார்ப்பது பாஸ்வேர்டை இல்லை, போன் இன்றைக்கு எந்த முகவரியைச் சொல்கிறது என்பதைத்தான்.

வைஃபை சிப் ஒவ்வொன்றுக்கும் ஆலையிலேயே கொடுத்த ஒரு மேக் முகவரி உண்டு. இரண்டிரண்டாக ஆறு ஜோடி, மொத்தம் 12 இடம். மோடத்தில் உங்கள் மகன் பதிந்தது அந்த மாதிரி முகவரியைத்தான். கேபிள்காரர் கேட்டது ஐஎம்இஐ, 15 இலக்கம், மொபைல் நெட்வொர்க்குக்குப் போனை அடையாளம் காட்டும் எண். அதை வைத்து வைஃபை ஃபில்டரில் எதுவும் செய்ய முடியாது.

சிக்கல் எங்கே என்றால், இப்போதைய போன்கள் உண்மையான மேக் முகவரியைச் சொல்வதில்லை. கடைத்தெருவிலும் மாலிலும் அந்த எண்ணை வைத்தே ஆளைப் பின்தொடர முடிந்தது என்பதால், போன்களே பொய் முகவரி சொல்லப் பழகிவிட்டன. ஆப்பிள் 2014-இல் ஐஓஎஸ் 8-இல், நெட்வொர்க் தேடும்போது மட்டும் இப்படிச் செய்ய ஆரம்பித்தது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இல் இருந்தும், 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-இல் இருந்தும், இணையும்போதுகூடப் போன் தானாக உருவாக்கிய முகவரியைத்தான் கொடுக்கிறது. நாம் அமைப்பை மாற்றினால்தான் உண்மையான முகவரியைச் சொல்லும்.

நீங்கள் செய்ய வேண்டியது: வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டு நெட்வொர்க் பெயருக்குப் பக்கத்தில் பல்சக்கரம் இருக்கும். அதைத் தொட்டால் "பிரைவசி" என்று ஒரு வரி வரும், சில போன்களில் "மேக் அட்ரஸ் டைப்" என்று இருக்கும். அதில் "ரேண்டமைஸ்டு மேக்" என்பதை "டிவைஸ் மேக்" அல்லது "போன் மேக்" என்று மாற்றிவிட்டு, வைஃபையை அணைத்துப் போடுங்கள். ஏறினால் நல்லது. ஏறாவிட்டால் இங்கே வந்து சொல்லுங்கள், அடுத்து என்ன என்று பார்க்கலாம்.

---

ராஜி_மதுரை எழுதியது:

இந்த மேக் ஃபில்டரே தேவையில்லாத தலைவலி என்பது என் கட்சி. மேக் முகவரி காற்றில் மறைவில்லாமல் போகிறது. வைஃபையை ஒட்டுக்கேட்கத் தெரிந்த எவனும் உங்கள் டிவியின் முகவரியைப் பார்த்து அதையே தன் லேப்டாப்பில் போட்டுக்கொள்ள முடியும். மாடிப் பையன்கள் பொறியியல் படிப்பவர்கள் என்றால் ஒரு மத்தியானம் போதும். பேசாமல் ஃபில்டரை எடுத்துவிட்டு, நீளமாக ஒரு புதுப் பாஸ்வேர்டு போட்டு, அதை யாருக்கும் கொடுக்காமல் இருங்கள்.

---

குடந்தை_ஓய்வு எழுதியது:

இருவருக்கும் நன்றி. குண்டூசியைத் தொடவில்லை.

தம்பி சொன்ன "பிரைவசி" வரி கிடைத்தது. "டிவைஸ் மேக்" என்று மாற்றினேன். வைஃபையை அணைத்துப் போட்டேன், போனையே அணைத்தும் போட்டேன். அதே "சேவ்டு"தான்.

ராஜி அம்மா, பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காமல் இருக்க எனக்கும் ஆசைதான். வீட்டுக்காரம்மாவிடம் யாராவது வந்து "மாமி, நெட் போயிருச்சு" என்று நின்றால், அவரே போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டிவிடுவார். அந்த விஷயத்தில் ஃபில்டர்தான் என் கட்சி.

---

விடுதி_நெட்வொர்க் எழுதியது:

சரி, அப்படியானால் எனக்கு வேறு சந்தேகம் இருக்கிறது. மோடத்துக்குள் போய்ப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அம்மாவின் போன் ஏற்கனவே உள்ளே இருக்கிறதே, அதுவே போதும்.

அந்தப் போனில் வைஃபை விவரத்தைத் திறந்தால் "கேட்வே" என்று ஓர் எண் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை அப்படியே பிரவுசரின் முகவரிப் பட்டையில் அடியுங்கள். "பாதுகாப்பில்லை" என்று எச்சரிக்கும், வீட்டு மோடம்தான், பயப்படாமல் உள்ளே போகலாம். அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, வேறு. மகன் மாற்றியிருப்பார், வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். உள்ளே போய் "செக்யூரிட்டி" அல்லது "டபிள்யூலேன்" தலைப்பில் மேக் ஃபில்டரைத் தேடுங்கள். எதையும் மாற்ற வேண்டாம். "அப்பா போன்" என்று இருக்கும் வரியில் முதல் இரண்டு இடம் என்ன என்று மட்டும் சொல்லுங்கள்.

---

குடந்தை_ஓய்வு எழுதியது:

மகன் விடியற்காலை ஷிப்ட் முடிந்து பாஸ்வேர்டு அனுப்பினான். உள்ளே போய்விட்டேன். அம்மாடி, அதற்குள் எத்தனை கதவுகள்!

"அப்பா" என்ற வரி 72 என்று ஆரம்பிக்கிறது. "அம்மா" என்பது 36. டிவிக்கு 40. போனில் இப்போது "டிவைஸ் மேக்" போட்ட பிறகு தெரியும் முகவரி 94 என்று ஆரம்பிக்கிறது. 72 எங்கே, 94 எங்கே? ஒட்டும் இல்லை உறவும் இல்லையே.

---

விடுதி_நெட்வொர்க் எழுதியது:

பிடிபட்டது ஐயா. இரண்டாவது இடத்தைப் பாருங்கள். அங்கே 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்று இருந்தால் அது போன் தானாக உருவாக்கிய முகவரி. ஆலை முகவரியில் அந்த இடத்தில் இவை வராது. 72 என்பதில் இரண்டாவது 2. ஆக, பொங்கலன்று உங்கள் மகன் பதிந்ததே போன் சொன்ன பொய் முகவரியைத்தான். அன்றைக்கு அதுவே போதுமானதாக இருந்தது, ஏனென்றால் ஆண்ட்ராய்டு ஒரு நெட்வொர்க்குக்கு ஒரு பொய் முகவரி என்று வைத்துக்கொண்டு அதையே தினமும் சொல்லும். "ஃபர்கெட்" செய்து திரும்பச் சேர்த்தாலும் அது மாறாது. அதனால்தான் மகன் சொன்ன வைத்தியம் பலிக்கவில்லை. ஆனால் போனை முழுசாக அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்தால் மாறிவிடும். கடைப் பையன் "சாஃப்ட்வேர் போட்டேன்" என்றது அதைத்தான்.

இப்போது 72 என்ற அந்த முகவரியை உங்கள் போன் இனி சொல்லப் போவதில்லை. 94-ஐச் சேருங்கள். ஃபில்டர் பக்கத்தில் "ஆட்" அல்லது கூட்டல் குறி இருக்கும். 12 இடத்தையும் போனைப் பார்த்து ஒவ்வொன்றாக அடியுங்கள். பூஜ்யத்தையும் ஆங்கில ஓ எழுத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், மேக் முகவரியில் ஓ என்ற எழுத்தே வராது, ஏ முதல் எஃப் வரைதான். எட்டும் பி-யும் சின்னத் திரையில் ஒன்றுபோலத் தெரியும், அங்கே கவனம். வேலை நடந்த பிறகு 72-ஐ அழித்துவிடலாம்.

ஒன்று முக்கியம். அந்தப் பக்கத்தில் "அலவ்", "டினை" என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். இப்போது "அலவ்" இருக்கும், அதாவது பட்டியலில் உள்ளவர்கள் மட்டும் உள்ளே. அதைத் தொட வேண்டாம். "டினை" ஆகிவிட்டால் பட்டியலில் உள்ள நீங்கள் வெளியே, மாடி உள்ளே. நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் அம்மாவின் போனும் சேர்ந்து வெளியே போய்விடும். அப்புறம் மோடத்துக்குள் போக, பட்டியலில் இல்லாத வேறு போனோ லேன் ஒயர் போட்ட கம்ப்யூட்டரோ தேட வேண்டியிருக்கும்.

அம்மாவின் 36-உம் பொய் முகவரிதான். அந்தப் போனையும் நாளைக்கு எவனாவது "பறக்கும்" என்று அழித்துக் கொடுத்தால் இதே கதை. அதை மாற்றும்போது வரிசை தப்பக்கூடாது. அம்மாவின் போனில் அமைப்புகள், "அபவுட் போன்", "ஸ்டேட்டஸ்" என்று போனால் உண்மையான வைஃபை மேக் தெரியும். அதை முதலில் மோடத்தில் சேர்த்து, "சேவ்" ஆனதைப் பார்த்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் போனில் "டிவைஸ் மேக்" என்று மாற்ற வேண்டும். முன்பின்னாகச் செய்தால் இரண்டு போனும் வாசலில் நிற்கும்.

ராஜி மேடம் சொல்வது தொழில்நுட்பப்படி சரி. முகவரியைத் திருடுவது கடினம் இல்லை. ஆனால் விடுதியில் நான் பார்த்தவரை, அப்படி மெனக்கெடுபவன் லட்சத்தில் ஒருவன். மற்றவனெல்லாம் கியூஆர் கிடைத்தால் ஏறுவான், கிடைக்காவிட்டால் சொந்த டேட்டாவில் படம் பார்ப்பான். ஐயாவின் பிரச்சினை திருடன் இல்லை, கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கும் தாராளக் கை. அதற்கு இந்த வேலி போதும்.

---

ராஜி_மதுரை எழுதியது:

தாராளக் கைக்கு என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஐபோன் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. ஐஓஎஸ் 18-இல் "பிரைவேட் வைஃபை அட்ரஸ்" என்பதில் "ஆஃப்", "ஃபிக்ஸ்டு", "ரொடேட்டிங்" என்று மூன்று வந்துவிட்டது. "ரொடேட்டிங்" வைத்தால் முகவரியை அதுவே அவ்வப்போது மாற்றிக்கொள்ளும், பதிவு செய்த நெட்வொர்க்கில் அது உருப்படாது. வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் "ஆஃப்" போட்டுக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் இருப்பது இருக்கட்டும், அது நல்லதுக்குத்தான்.

---

குடந்தை_ஓய்வு எழுதியது:

ஏறிவிட்டது! 94-ஐ அடித்து "அப்ளை" கொடுத்த கையோடு, நான் பெயரைத் தொடுவதற்கு முன்பே போன் தானாகவே ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரம்மா போனையும் தம்பி சொன்ன வரிசைப்படி மாற்றியாயிற்று. 72, 36 இரண்டையும் அழித்துவிட்டேன். மகனுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பினேன், கட்டைவிரல் மட்டும் வந்தது.

இன்னொரு சின்ன விஷயம். எங்கள் மோடத்தில் ஒரே பெயரில் இரண்டு வைஃபை தெரிகிறது, ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கிறது. அதற்கும் தனியாகப் பதிய வேண்டுமா?

---

விடுதி_நெட்வொர்க் எழுதியது:

அது மொபைல் 5ஜி இல்லை ஐயா, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் கூட, ஆனால் சுவர் தாண்டினால் தேய்ந்துவிடும். பெயர் வேறு என்பதால் போன் அதை வேறு நெட்வொர்க் என்றே நினைக்கும். பழையபடி ரேண்டம் இருந்திருந்தால் அதற்கு இன்னொரு பொய் முகவரி சொல்லும், அதையும் பதிய வேண்டியிருக்கும். இப்போது அந்தப் பெயரிலும் பல்சக்கரத்தைத் தொட்டு "டிவைஸ் மேக்" போட்டுவிட்டால் அதே 94-தான் போகும். சில மோடங்களில் மட்டும் ஃபில்டர் பட்டியல் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக இருக்கும். அந்தப் பக்கத்தின் மேலே "எஸ்எஸ்ஐடி 1", "எஸ்எஸ்ஐடி 5" என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி இருக்கிறதா பாருங்கள் (எஸ்எஸ்ஐடி என்றால் வைஃபையின் பெயர்). இருந்தால் இரண்டாவதிலும் ஒருமுறை 94-ஐச் சேர்க்க வேண்டும். கச்சேரி கேட்கும் அறை மோடத்துக்குப் பக்கத்தில் இல்லை என்றால் அந்த வேலையே வேண்டாம், பழைய பெயரிலேயே இருங்கள்.