கன்டென்ஷஸ் (contentious) என்றால் என்ன?

நான்: பேங்க் பரீட்சை மாதிரித் தாளில் 'கன்டென்ஷஸ் இஷ்யூ' என்று வருகிறது. 'காண்ட்ரவர்சியல்' என்பதும் இதுவும் ஒன்றுதானா?

சித்தி: கிட்டத்தட்ட. கருத்து வேறுபாட்டைக் கிளப்பும் விஷயம். ஆனால் மனுஷரைக் கன்டென்ஷஸ் என்றால் வம்புக்கு நிற்கிறவர் என்று அர்த்தம், ஜாக்கிரதை. திருப்தியைக் குறிக்கும் 'கன்டென்ட்' (content) விடைகளில் இருக்கும். அதைத் தொடாதே. இது 'கன்டெண்ட்' (contend) என்ற வினையிலிருந்து வந்தது. மோதுவது, மல்லுக்கட்டுவது.

அக்கா: எங்கள் கோர்ட்டில் தினமும் புழங்கும் சொல். உயிலை யாரும் எதிர்க்கவில்லை என்றால், அது செல்லும் என்று கோர்ட் சான்று தருகிற புரொபேட், மனுவாகவே முடிந்துவிடும். ஒருத்தர் கேவியட், அதாவது 'என்னைக் கேட்காமல் முடிக்காதே' என்கிற மனு, போட்டு எதிர்த்தால் 'கன்டென்ஷஸ் ஆகிவிட்டது' என்போம். மெட்ராஸ் ஹைகோர்ட்டில் ஓ.பி. என்கிற மனு, டி.ஓ.எஸ். என்கிற உயில் வழக்காக மாறும். அப்புறம் சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு.

பெரியப்பா: காவிரியை வைத்துப் படி, மறக்காது. 1892, 1924 என்று இரண்டு ஒப்பந்தம். 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு. கர்நாடகா நமக்கு வருஷத்துக்கு 192 டிஎம்சி விட வேண்டும் என்றார்கள். 2018-ல் சுப்ரீம் கோர்ட் அதை 177.25 ஆக்கியது. இத்தனைக்கு அப்புறமும் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று அணை நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் குறுவைக்கு நாற்று விடுகிறோம். தீர்ப்பு வந்தும் இரண்டு பக்கமும் விடாமல் இழுக்கிறது பார், அதற்குத்தான் அந்தச் சொல்.

நான்: அப்படியானால், காவிரியில் கர்நாடகா கட்ட நினைக்கும் மேகதாது அணையை 'மேகதாது இஸ் எ கன்டென்ஷஸ் ப்ராஜெக்ட்' என்றால் சரியா?

சித்தி: ரொம்பச் சரி. நீ எந்தப் பக்கம் என்று அதில் தெரியாது. பேப்பர்காரர்கள் அதற்காகவே இந்தச் சொல்லைப் போடுவார்கள்.

பெங்களூர் அண்ணன்: பெரியப்பா, இங்கே கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறோம். குடிதண்ணீருக்குத்தானே அந்த அணை என்கிறார்கள்.

பெரியப்பா: குடிக்கத் தண்ணீர் வேண்டாம் என்று யாரப்பா சொன்னது? குடிக்க 67 டிஎம்சி தேக்க வேண்டுமா? அது நிரம்பின பிறகுதானே எங்கள் வாய்க்காலுக்கு வரும்?

பெங்களூர் அண்ணன்: மாசா மாசம் தர வேண்டியதை அளந்து வாங்கக் காவிரி ஆணையம் இருக்கிறதே, பெரியப்பா.

பெரியப்பா: மழை பொய்த்த வருஷத்தில் எவ்வளவு வந்தது என்று கேட்டுப் பார். பொங்கலுக்கு வா, வயலிலேயே நின்று பேசுவோம். பாப்பா, அடுத்த வார்த்தையைப் போடு.