ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் மதுரைத் தங்கமா? எண்ணியது யார்?

மேஸ்திரி வீதி: நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவு வந்தது. "மதுரை தங்கம் தியேட்டர் பெரியது என்பதெல்லாம் கட்டுக்கதை, மற்ற ஊர்க் கொட்டகை மாதிரிதான் அதுவும்" என்று எவரோ எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர் அது. 2563 இருக்கை. ஆசியாவிலேயே பெரியது. இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியாததை வேறு யார் சொல்ல முடியும்?

நொய்யல்கரை: 2563 என்பது சரி என்றே வைத்துக்கொள்வோமுங்க. ஆசியா முழுக்கப் போய் எண்ணிப் பார்த்தது யாருங்க?

மேஸ்திரி வீதி: எண்ண வேண்டிய அவசியமே இல்லை. மேட்னி ஷோ விட்டு வெளியே வரும் கூட்டத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். 1978, 79இல் எனக்குப் பதினொன்று பன்னிரண்டு வயது. டிக்கெட் வாங்கப் போகும் சந்தில் இரண்டு பக்கமும் சுவர், மேலே கம்பி. உள்ளே நுழைந்துவிட்டால் திரும்பி வர முடியாது. பின்னால் இருப்பவன் மூச்சு நம் கழுத்தில் விழும். கவுண்ட்டர் ஓட்டை ஒரு கை நுழையும் அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரே நேரத்தில் நான்கு கைகள். காசை மூடிய கையோடு உள்ளே விட்டு, டிக்கெட்டோடு இழுத்தால் மணிக்கட்டில் தோல் உரிந்திருக்கும். எனக்கு இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. சின்னக் கொட்டகையில் இப்படி நடக்குமா?

நொய்யல்கரை: நடக்கும். எங்கள் ஊரில் முந்நூறு பேர் கொள்ளும் டூரிங் டாக்கீஸிலேயே எனக்குச் சட்டை கிழிந்தது. நெரிசலுக்குக் காரணம் கவுண்ட்டர் ஓட்டை. நான் கேட்டது ஆசியா. டோக்கியோவில் நிச்சிகெகி என்று ஒன்று 1933இலேயே திறந்தார்கள். நாலாயிரம் பேர் கொள்ளும் என்று சொல்வார்கள். டோக்கியோ ஆசியாவில்தானே இருக்கிறது?

மேஸ்திரி வீதி: அது நாடகமும் நடனமும் நடந்த அரங்கம். நான் சினிமா தியேட்டரைப் பற்றிப் பேசுகிறேன். நாலாயிரம் என்பது ஆள் கணக்கு, 2563 இருக்கைக் கணக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நொய்யல்கரை: அங்கேயும் படம் ஓடியதுங்க. முதல் பதிவில் "ஆசியாவிலேயே பெரியது" என்று மட்டும்தான் எழுதினீர்கள். இப்போது நடனம் வேண்டாம், நின்றவர் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழிக்கிறீர்கள். போன மாதம் ஜிகர்தண்டா விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

மேஸ்திரி வீதி: ஜிகர்தண்டாவை இங்கே இழுக்காதீர்கள். கடல்பாசியும் நன்னாரியும் பால்கோவாவும் தெரியாதவரோடு அன்றைக்குப் பேசியதே என் தவறு. 2563.

கீழவாசல் மீனா: அண்ணே, நானும் மதுரைதான். பெரிய தியேட்டர் என்றாலே தங்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். எங்கள் பக்கம் சிந்தாமணியும் இருந்தது. தியாகராஜ பாகவதர் நடித்து 1937இல் வந்த 'சிந்தாமணி' படத்தில் கிடைத்த லாபத்தில் கட்டிய தியேட்டர், அதனால்தான் அந்தப் பெயர். அம்மாவும் சித்தியும் என்னைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் போவார்கள். பெண்கள் கவுண்ட்டரில் கூட்டம் குறைவு என்று தெருப் பையன்கள் எல்லாம் "அக்கா, ஒரு டிக்கெட்" என்று சித்தியிடம் காசைத் திணிப்பார்கள். ஒரு நாள் ஒன்பது பேருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, கடைசியில் எங்களுக்கு டிக்கெட் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பினோம். அம்மா இரண்டு நாள் சித்தியோடு பேசவில்லை.

மேஸ்திரி வீதி: சிந்தாமணியை நான் குறைத்துச் சொல்லவில்லை தங்கச்சி. ஆனால் 2563 வருமா அங்கே?

கீழவாசல் மீனா: எண்ணிக்கை எனக்கு எதற்கு? நான் சொன்னது வேறு.

மவுண்ட் ரோடு: மதுரைக்காரர்கள் பேசி முடித்தாயிற்றா? சென்னையில் எலக்ட்ரிக் தியேட்டர் 1913இல் வந்துவிட்டது. அந்தக் கட்டடம் இன்றும் மவுண்ட் ரோடு தபால் நிலைய வளாகத்தில் நிற்கிறது. உங்கள் தங்கம் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? துணிக்கடை. பெரிதாகக் கட்டினால் போதுமா? நாங்கள் ப்ளூ டயமண்டில் படம் பார்த்தவர்கள். காலையிலிருந்து இரவு வரை தொடர் காட்சி, எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். சித்திரை வெயிலுக்கு ஏசியில் உட்கார்ந்து ஒரே படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு வருவோம். தங்கத்தில் கடைசி வரிசைக்கு வசனம் கேட்டதா என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

மேஸ்திரி வீதி: நன்றாகக் கேட்டது. திறப்பு விழாப் படமே வசனத்துக்குப் பேர்போன படம். கடைசி வரிசையில் உட்கார்ந்து நீதிமன்றக் காட்சி வசனத்தை மனப்பாடம் செய்தவர் என் தாய்மாமன். கல்யாண வீடுகளில் கேட்டால் எழுந்து நின்று முழுசாகச் சொல்வார். கேட்காமலா மனப்பாடம் ஆனது? ஏசிக்காகப் படத்துக்குப் போனவர் நீங்கள். படத்துக்காகப் போனவர்கள் நாங்கள்.

வாத்தியார் ரசிகன்: வசனத்தை மனப்பாடம் செய்தால் போதுமா? மதுரையில் தியேட்டரை நிரப்பியது எங்கள் வாத்தியார். 'நாடோடி மன்ன'னுக்கு மதுரையில் நடந்த வெற்றி விழா மாதிரி வேறு யாருக்காவது நடந்ததா?

மேஸ்திரி வீதி: இங்கே நடிகர் சண்டை வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. சிவாஜிக்கு முதல் படம் ஓடிய தியேட்டர் அது. அதை மறைக்க முடியாது.

வாத்தியார் ரசிகன்: நடிகர் சண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்களே தொடங்குகிறீர்கள். எங்கள் தெருவில் உங்கள் ஆட்கள் எங்கள் போஸ்டர் மேல் சாணி அடித்ததை நான் மறக்கவில்லை.

மேஸ்திரி வீதி: அடித்தது யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் போஸ்டரைக் கிழித்தது யார் என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

நொய்யல்கரை: ஆசியா எங்கே போச்சுங்க? சென்னை நண்பருக்கும் ஒரு வார்த்தை. 1905இல் ரயில்வே வேலையை விட்டுவிட்டு, துபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவி வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டியவர் எங்கள் சாமிக்கண்ணு வின்சென்ட். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டியவரும் அவரே. தென்னிந்தியாவில் சினிமாவைக் கொட்டகை கட்டி ஓட்டிக் காட்டிய ஊர் எங்களது.

மவுண்ட் ரோடு: 1913க்கு அப்புறம்தான் 1914 வரும். கணக்கு சரிதானே?

நொய்யல்கரை: 1905 எதற்கு முன்னால் வரும்? வெள்ளைக்காரன் கட்டியதற்கு நீங்கள் பெருமைப்படுகிறீர்கள், நான் நம் ஆளைச் சொல்கிறேன்.

மேஸ்திரி வீதி: வயதைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. அளவு. 2563. துணிக்கடை என்று சொன்னீர்களே, அந்தக் கடைக்கு நான் இதுவரை போனதில்லை. மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க எல்லோரும் அங்கேதான் போனார்கள். நான் எதிர்ப்பக்கம் டீக்கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன். அந்த வாசலில் கால் வைக்க மனசு வரவில்லை.

நொய்யல்கரை: அந்த வருத்தம் புரிகிறதுங்க. நிச்சிகெகியையும் 1981இல் இடித்துவிட்டார்கள், அங்கேயும் வணிக வளாகம்தான். ஆனால் உங்கள் வருத்தத்தால் 2563 நாலாயிரத்தைவிடப் பெரிதாகிவிடாது. அந்த 2563இல் பெஞ்சு டிக்கெட்டை எப்படி எண்ணினார்கள்? ஒரு பெஞ்சில் ஐந்து பேரா, எட்டுப் பேரா?

மேஸ்திரி வீதி: பெஞ்சிலும் மனிதர்கள்தான் உட்கார்ந்தார்கள்.

நொய்யல்கரை: அப்போது அது இருக்கைக் கணக்கா, ஆள் கணக்கா? டோக்கியோவுக்கு மட்டும் வேறு தராசா?

மேஸ்திரி வீதி: 2563 இருக்கை. நாளைக்குக் காலையில் என் தாய்மாமனிடமே கேட்டு வந்து எழுதுகிறேன்.

கீழவாசல் மீனா: அவரிடம் சிந்தாமணிக்கு எத்தனை என்றும் கேளுங்கள் அண்ணே.