மொரீஷியசுக்கு முதலில் வந்தது யார்?

கடலோடி: "மொரீஷியசில் இந்தியர் வரலாறு 1834இல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த அட்லஸ் கப்பலோடு தொடங்குகிறது" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1746இல் சென்னையைப் பிடித்தாரே பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே, அவர் 1735இல் அந்தத் தீவுக்கு ஆளுநராகப் போனவர். அங்கே தலைநகர் போர்ட் லூயியின் துறைமுகத்தை அவர் கட்டியபோது கல்வேலையும் தச்சுவேலையும் செய்ய புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஆட்கள் போனார்கள். அட்லசுக்கு நூறு வருடம் முன்பு!

செங்கரும்பு: எழுதியது நான்தான். அட்லசில் வந்த 36 பேரும் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். தமிழர் இல்லை என்பதுதான் உங்களுக்குக் கசக்கிறது.

கடலோடி: நான் கேட்டது 1735. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மலைமுகடு: அடிமைகளை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிடித்து வரப்பட்டவர்கள் கரும்பு வெட்டினார்கள். இந்தியாவிலிருந்து போன அடிமைகளும் உண்டு. 1835இல் அடிமை முறை முடிகிறது, தோட்டத்துக்கு ஆள் வேண்டும். அதற்காகத்தான் கூலிக் கப்பலே விட்டார்கள்.

செங்கரும்பு: போர்ட் லூயியில் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் வழியாக வந்தவர்கள் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர். நாட்டை உருவாக்கியது அவர்களா, நாலு கொத்தனார்களா?

கடலோடி: கொத்தனார் என்றால் இளப்பமா? அந்தத் துறைமுகம் இல்லாவிட்டால் உங்கள் அட்லஸ் எங்கே போய் நின்றிருக்கும்? யார் முதலில் என்பது சின்ன விஷயம் இல்லை. 1998இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தியைப் போட்டார்கள். முதலில் வந்தவர்கள் நாங்கள்தான் என்று அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தமிழை முன்னால் வைத்து மறுபடி அச்சடித்தார்கள்.

செங்கரும்பு: நோட்டு எங்கிருந்து வந்தது இதில்? ஃபிஜி விவாதத்திலும் இப்படித்தான் மொழிச் சண்டைக்குத் தாவினீர்கள்.

மலைமுகடு: ஊரே பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. அது அந்த நோட்டில் எங்கே? அதற்கு யாரும் கொதிக்கவில்லையே.

கடலோடி: கிரியோலுக்குத் தனியாகத் திரி தொடங்குங்கள். இங்கே பேச்சு 1735. போர்ட் லூயியில் 'மலபார் முகாம்' என்று ஒரு பகுதி பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே இருந்தது. அது யாருக்காம்?

செங்கரும்பு: மலபார் என்றால் கேரளக் கரை. பெயரிலேயே இருக்கிறதே.

கடலோடி: பிரெஞ்சுக்காரர்கள் தமிழரைத்தான் மலபார் என்று அழைத்தார்கள்! புதுச்சேரியில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சரி, 1735க்குப் பதில் எங்கே?

செங்கரும்பு: 1834. நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.