பாதி வட்டம் கடல், மீதி வட்டத்துக்குக் கட்டணம்

வண்ணார்பேட்டைக்காரன்:
டேட்டிங் ஆப்காரர்களுக்கு நமக்குத் துணை கிடைப்பதில் லாபமே இல்லை என்பது என் கட்சி. ஒரு ஜோடி சேர்ந்தால் ஒரே நாளில் இரண்டு சந்தா போய்விடும்.

நான் கண்டது இது. "உங்களைப் பலருக்குப் பிடித்திருக்கிறது" என்று மங்கலாக்கிய முகங்களைக் காட்டினார்கள். பணம் கட்டினால்தான் முகம் தெளியும். கட்டினேன். தெளிந்ததில் பாதிப் பேர் திருவனந்தபுரம், மீதிப் பேர் பெங்களூரு. சில கணக்குகள் எடுத்த எடுப்பிலேயே டெலிகிராமுக்குக் கூப்பிட்டன. என் ஊரான நெல்லையில் ஒருவரும் இல்லை. வெறுத்துப்போய் ஆப்பைப் போனிலிருந்து தூக்கிவிட்டேன். அடுத்த மாதமும் யூபிஐயில் பணம் பிடித்தார்கள்.

பாளை அண்ணாச்சி:
தம்பி, கடை வைத்தவன் லாபம் பார்க்கத்தான் செய்வான். டிண்டர், ஹிஞ்ச், ஓகேகியூபிட் என்ற டேட்டிங் ஆப்கள் மூன்றும் மேட்ச் குரூப் என்ற ஒரே கம்பெனியுடையவை. அவர்களுடைய 2023 வருமானம் 300 கோடி டாலருக்கு மேல். அதைக் கொடுத்தவர்கள் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர்தான், மற்ற கூட்டமெல்லாம் ஓசியில் ஓடுகிறது. கட்டச் சொல்லி உன் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை.

அப்புறம் ஒரு விஷயம், மேப்பை எடுத்துப் பார். டிண்டரில் ஆள் தேடும் தூரத்தை 160 கிலோமீட்டர் வரை கூட்டலாம். திருநெல்வேலியை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் பாதிக்குப் பக்கம் கடல். மன்னார் வளைகுடாவில் யார் ஸ்வைப் பண்ணி ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்? மேற்கே மலை, மலையைத் தாண்டினால் கேரளா. திருவனந்தபுரம் வராமல் வேறு எது வரும்? கடலைக் கொண்டுவந்து வைத்தது கம்பெனியா?

வண்ணார்பேட்டைக்காரன்:
கடல் இருப்பது அவர்களுக்கும் தெரியும்தானே அண்ணாச்சி? இந்த வட்டத்தில் ஆள் இல்லை என்று பணம் வாங்குவதற்கு முன்னால் ஒரு வரி சொல்லலாமே. சொல்லமாட்டார்கள். ஊரில் ஆள் தீர்ந்ததும், சென்னையில் இருப்பதுபோல் காட்டிக்கொள்ள இன்னொரு கட்டண வசதியை நீட்டுவார்கள்.

தென்காசித் தூறல்:
இரண்டு பேரும் கடலைப் பார்த்துவிட்டீர்கள், ஊரில் பெண்கள் ஏன் கண்ணில் படுவதில்லை என்று கேட்கவில்லை. நான் படம் போட்டால் சாயங்காலத்துக்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் சித்தப்பாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுவார்கள். சாதி விட்டுக் காதலித்தால் அரிவாளுக்குப் பயப்பட வேண்டிய மாவட்டங்கள் இவை. அதை வம்புப் பேச்சு என்று ஒதுக்க முடியுமா?

நான் விரும்பியவருக்கு மட்டும் என் முகம் தெரியும்படி மறைந்திருக்க ஒரு வசதி இருக்கிறது. டிண்டரிலும் பம்பிள் என்ற இன்னொரு ஆப்பிலும் அது சந்தா கட்டினால்தான். போனில் இருக்கும் எண்களைத் தடுத்து வைப்பதை டிண்டர் இலவசமாகத் தருகிறது, சரி. ஊர்க்காரர் அத்தனை பேர் நம்பரும் என் போனிலா இருக்கிறது? உங்களிடம் ஆசைக்குப் பணம் வாங்குகிறார்கள் அண்ணா, எங்களிடம் பயத்துக்கு. எனக்கு இதுதான் பெரிய குற்றமாகத் தெரிகிறது.

சமாதானபுரம் சந்து:
இதற்கு நம் பழைய தரகரே தேவலை. கல்யாணம் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். முடியாவிட்டால் பஸ் காசோடு சரி.

பாளை அண்ணாச்சி:
என்ன வே, தரகர் யோக்கியர் ஆகிவிட்டாரா? அவருக்குக் கல்யாணம் முடிய வேண்டும், பொருந்த வேண்டியதில்லை. குடிப்பவனை "எப்போதாவது விசேஷத்துக்கு" என்பார், ஐந்தாயிரம் சம்பளத்தை இருபதாக்குவார். சாதிக்கு வெளியே ஒரு ஜாதகத்தைக் கையாலும் தொடமாட்டார். தென்காசித் தங்கச்சி சொல்லும் ஆபத்துக்கு அவரிடம் என்ன மருந்து இருக்கிறது? மேட்ரிமோனி தளங்களும் முன்பணம் வாங்கித்தான் நம்பரைக் காட்டுகின்றன. சென்னைக் கம்பெனியான மேட்ரிமோனி டாட் காம் 2017இல் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது.

தென்காசித் தூறல்:
தரகர் விஷயத்தில் அண்ணாச்சி பக்கம் நான்.

வண்ணார்பேட்டைக்காரன்:
விலை விஷயத்துக்கு வாருங்கள். அல்வாக் கடையில் வயதைக் கேட்டா எடை போடுகிறார்கள்? 2015இல் டிண்டர் பிளஸ் என்ற கட்டணச் சந்தா வந்தபோது அமெரிக்காவில் 30 வயதுக்குக் கீழே மாதம் 9.99 டாலர், 30 ஆகிவிட்டால் 19.99. வயது பார்த்து இப்படி விலை வைப்பது பாரபட்சம் என்று 2018இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2022இல் ஃபயர்பாக்ஸ் பிரவுசர்காரர்களான மொசில்லாவும் சர்வதேச நுகர்வோர் அமைப்பும் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் விசாரித்தபோது, ஒரே டிண்டர் சந்தாவுக்கு ஆளுக்கொரு விலை சொன்னது தெரிந்தது.

பாளை அண்ணாச்சி:
ரயிலில் மூத்த குடிமக்களுக்கு வயது பார்த்துத்தானே சலுகை கொடுத்தார்கள்?

வண்ணார்பேட்டைக்காரன்:
அது ஊரறிய எழுதிவைத்த சலுகை. பக்கத்து சீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். இங்கே என் விலை என் போனுக்குள் மட்டும். ஹிஞ்ச், "அழிக்கப்படுவதற்கென்றே செய்த ஆப்" என்று விளம்பரம் செய்கிறது. 2024 காதலர் தினத்தன்றே மேட்ச் குரூப் மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள், ஆளை அடிமையாக்கும்படி ஆப்களை அமைத்திருக்கிறார்கள் என்று.

பாளை அண்ணாச்சி:
வழக்குப் போட்டால் குற்றம் உறுதியாகிவிடுமா? ஆப்பில் சந்தித்துக் கல்யாணம் பண்ணியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்கள் இங்கே வந்து புலம்பமாட்டார்கள், அவ்வளவுதான்.

கோர்ட்டு வாசல்:
போன பணத்துக்கு வருவோம். ஆப்பைத் தூக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தா பக்கத்துக்குப் போய் ரத்து செய்யுங்கள், யூபிஐயில் மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் ஆட்டோபேயையும் நிறுத்துங்கள். தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, பழைய எஸ்எம்எஸ்களைத் தேடிப் பாருங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்தது. சந்தாவில் மாட்டிவிட்டு வெளியேறும் வழியைச் சிக்கலாக்குவது அதில் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

ஆனால் மனுவில் எதற்குச் சந்தா கட்டினீர்கள் என்று எழுத வேண்டியிருக்கும். பலர் அந்த வரிக்கு வந்ததும் எழுந்து போய்விடுவார்கள். கம்பெனிகளுக்கு நம் ஊர் வெட்கத்தைவிட நல்ல வக்கீல் கிடைக்காது.

வண்ணார்பேட்டைக்காரன்:
1915க்கு மொட்டை மாடியில் போய்ப் பேசுகிறேன். கீழே அம்மா இருப்பாள்.

பாளை அண்ணாச்சி:
பேசு தம்பி. பக்கத்து வீட்டு மாடியில் யாரும் வடகம் காயவைக்காத நேரமாகப் பார்த்துப் பேசு.